பழைய பேரேடுகளை எடைக்குப் போடலாமா?

வரி, வாடகை, மின்கட்டணம், ஆன்லைன் வியாபாரம் என்று நாம் பேசித் தீர்க்க வேண்டியவை மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவற்றையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இந்த இதழில் ஊர் வரலாற்றுப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறோம். கடைக்காரனுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். நம் கடைப் பரணில் கிடக்கும் பழைய கணக்குப் புத்தகங்கள்தாம் அந்தச் சம்பந்தம். அவை இன்று கிலோ கணக்கில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்போது புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. அங்கே போய் நம் பக்கத்து வரலாறு என்ன இருக்கிறது என்று கேட்டால் முதலில் கைக்கு வருவது சோழர்கள். கங்கைகொண்ட சோழபுரம், இராசேந்திர சோழன், பழுவேட்டரையர். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு மேலப்பழுவூரையும் கீழப்பழுவூரையும் தேடி வருகிறவர்கள் உண்டு. டாக்டர் இரா. கலைக்கோவன் பழுவூர்க் கோயில்களை ஆராய்ந்து எழுதிய நூல்கள் அவர்களுக்கு நல்ல துணை. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு லூயிஸ் மூர் 1878இல் எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1907இல் எழுதிய கெசட்டியரும் இருக்கின்றன. இரண்டும் கலெக்டர் கச்சேரிக்காக எழுதப்பட்டவை. நிலம், தீர்வை, பாசனம், பஞ்சம் என்று நிறையச் சொல்லும். ஆக, அரசர் பக்கம் நிறைந்திருக்கிறது; அரசாங்கத்தின் பக்கமும் ஓரளவு நிறைந்திருக்கிறது. எங்கிருந்தோ இந்த மண்ணுக்கு வந்து, கடை போட்டு, தறி போட்டு, காடு திருத்தி, இங்கேயே தங்கிவிட்டவர்களின் பக்கம்தான் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கிறது.

வந்தவர்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நாங்கள் ஆதியிலிருந்தே இந்த ஊர்தான் என்பார்கள். ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே போதும். நம் பக்கத்தில் 'குடிகாடு' என்று முடியும் ஊர்கள் எத்தனை! காட்டை வெட்டிக் குடியேறிய இடம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிகாடு இருக்கிறது. அங்கிருந்தும் வ.களத்தூரிலிருந்தும் மலேயா, சிங்கப்பூர், பின்னர் வளைகுடா என்று கடல் கடந்து போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஏராளம். உடையார்பாளையம் ஜமீன்தார்கள் தம் பெயருக்கு முன்னால் 'கச்சி' என்று சேர்த்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வழி என்பது அவர்கள் மரபு. பெரம்பலூர் வட்டாரத்து ரெட்டியார் குடும்பங்கள் தெலுங்கு பேசும் வழியில் வந்தவை. வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார், இத்தாலியிலிருந்து வந்து ஏலாக்குறிச்சியில் கோயில் கட்டித் தங்கியவர். 1732ஆம் ஆண்டின் சதுரகராதி அவர் தந்தது.

கடைவீதிக்கு வருவோம். 1920களின் இறுதியில் விழுப்புரம்-திருச்சி குறுக்கு ரயில் பாதை வந்ததும் அரியலூருக்கு ரயில் கிடைத்தது. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் இல்லை; அது சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை நம்பி வளர்ந்த ஊர். ஒன்று கூட்ஸ் ஷெட் ஊர், மற்றது லாரி ஊர். எந்தச் சரக்கு எந்த ஊரில் இறங்கியது, எந்தப் பக்கத்து வியாபாரி எங்கே கடை பிடித்தார் என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைத்திருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி மளிகை, செட்டியார் ஜவுளி, சேட்டு அடகுக்கடை, மலையாளத்தார் டீக்கடை என்று தமிழ்நாட்டுக் கடைவீதிகளுக்கு உள்ள அமைப்பு நமக்கும் உண்டு. அரியலூரில் 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகள் தொடர்ந்தன. இன்று வடமாநிலத் தொழிலாளி ஒருவர் அரைகுறைத் தமிழில் நம் கடையில் கோதுமை மாவு கேட்கிறார். அவரும் இந்த வரிசையில் நிற்பவர்தான். நம் தாத்தாவும் ஒரு நாள் இப்படித்தான் இந்த ஊரில் நின்றிருப்பார்.

குடியேறியவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதி வைத்த சான்று ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. பாடாலூருக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர், இன்று திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கல்வெட்டு ஒன்று மூன்றாம் குலோத்துங்க சோழனின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1218 வாக்கில், வெட்டப்பட்டது. இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடிச் செய்துகொண்ட உடன்பாடு அது. காசிப முனிவரின் வேள்வியைக் காக்க யாகத்தீயிலிருந்து தோன்றியவர்கள் தாங்கள் என்றும், அரிந்தமன் என்ற சக்கரவர்த்தி அந்தர்வேதியிலிருந்து அந்தணர்களை அழைத்து வந்தபோது கூடவே வந்து குடியேறியவர்கள் என்றும் அதில் சொல்லிக்கொள்கிறார்கள். இனி ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல் ஒற்றுமையாக நிற்போம் என்றும் உறுதி சொல்கிறார்கள். அந்நாளைய சங்கத் தீர்மானம் என்றே வைத்துக்கொள்ளலாம்!

ஆனால் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. யாகத்தீயில் பிறந்த கதையைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள், என்ன சரக்கு கொண்டுவந்தார்கள், முதல் வீட்டை எங்கே கட்டினார்கள், மழை பொய்த்த ஆண்டில் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை வெட்டி வைக்கவில்லை. எண்ணூறு ஆண்டுகள் கழித்து இன்று சாதிச் சங்கங்கள் அச்சிட்டு வழங்கும் 'வரலாறு'களும் இதே வழியில்தான் போகின்றன. புரட்டிப் பாருங்கள், எல்லோரும் ஆண்ட பரம்பரை. எல்லோரும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தால் நெல்லை அளந்தது யார், உப்பு விற்றது யார், வண்டி ஓட்டியது யார்? மன்னுபெரும்பழுவூர் என்ற வணிக நகரத்தில், நந்திபுரத்தில் வழங்கும் முறைப்படியே வரி தண்ட வேண்டும் என்று பழுவேட்டரையர் காலத்தில் ஏற்பாடு செய்யப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. வரிவிகிதத் தகராறு எவ்வளவு பழையது என்று அறிய நமக்கு இந்த ஒரு செய்தி போதும். இதை எந்தச் சாதி வரலாற்றுப் புத்தகமும் பெருமையாக எடுத்துப் போடாது.

இந்தக் குறைக்கு விதிவிலக்காக ஒரு புத்தகம் உண்டு. அதை எழுதியவர் வரலாற்று ஆசிரியர் அல்லர். ஏட்டுச் சுவடி தேடியவர். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையரின் இளமைப் பருவத்தில் பெரும்பகுதி நம் ஊர்களில் கழிந்தது. அவர் தகப்பனார் உடையார்பாளையத்தில் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். கதாகாலட்சேபம் செய்து, ஊரார் கொடுத்த தானியத்திலும் பணத்திலும் குடும்பம் நடந்தது. ஓர் ஊரில் ஆதரவு குறைந்தால் இன்னோர் ஊர். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அந்தக் குடும்பம் பெயர்ந்துகொண்டே இருந்தது. 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலாயிற்று. அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, செங்கணம் விருத்தாசல ரெட்டியார் ஆகியோர் தமிழ்த் தாத்தாவின் ஆரம்ப ஆசிரியர்கள். தெலுங்கு வழியில் வந்த செங்கணம் ரெட்டியார், சங்கத்தமிழை மீட்கப்போகும் பையனுக்கு யாப்பருங்கலக் காரிகை பாடம் சொல்லியிருக்கிறார். வந்தவர், இருந்தவர் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் நமக்குத் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்தில் யார் வீட்டில் சாப்பாடு, யார் கொடுத்த வேட்டி, எந்த ஊரார் எவ்வளவு உதவினார்கள் என்ற சின்ன விவரங்கள் நிறைந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குன்னத்தை இன்று நாம் கண்ணால் பார்ப்பதுபோல் அறிவது அந்தச் சின்ன விவரங்களால்தான். கரிசல் காட்டுக்கு வந்து குடியேறிய தெலுங்கு மக்களைக் கி.ராஜநாராயணன் 1976இல் 'கோபல்ல கிராமம்' நாவலில் எழுதினார். அதனால் தெற்கே உள்ள அந்தக் கதை ஊரறிந்ததாயிற்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள நம் குடியேற்றங்களுக்கு அப்படி ஒரு பெயர்பெற்ற நூல் வாய்க்கவில்லை.

எழுதுவதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். இங்கேதான் நம் பரண் வருகிறது.

ஒரு பழைய மளிகைக் கடைப் பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, 'லாபம்', மஞ்சள் கறை. அடுத்து நாள்வழியில் ரூபாய், அணா, பைசா. 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நயா பைசா. சில மாதம் இரண்டும் கலந்து, அடித்துத் திருத்தி, மை சிந்தி, கணக்கப்பிள்ளை பட்ட பாடு அப்படியே தெரியும். அதன் பின் வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வரும். கடன் பக்கத்தில் ஐப்பசியில் ஏறிய பாக்கி தை அறுவடைக்குப் பின் இறங்கும். இறங்காத ஆண்டு மழை பொய்த்த ஆண்டு. மண்டிக் கணக்கில் சின்ன வெங்காயம் எந்த வாரம் எந்த ஊர்ப் பட்டறையிலிருந்து வந்தது, எந்தச் சந்தைக்குப் போனது, லாரி வாடகை என்ன, கூலி என்ன என்று எல்லாம் இருக்கும். கடலை போய்ப் பருத்தி வந்தது, பருத்தி இடத்தில் மக்காச்சோளம் வந்தது எல்லாம் அதில் வரிசையாகத் தெரியும். பற்று வைத்திருக்கும் ஆளின் பெயரோடு 'மலேயாக்காரர்' என்றோ 'ஆலை வாட்ச்மேன்' என்றோ ஓர் அடைமொழி சேர்ந்திருக்கும். யார் எப்போது இந்த ஊருக்கு வந்தார், எப்போது போனார் என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி வேண்டுமா?

1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். விலகலைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அன்று அரியலூர்க் கடைவீதி திறந்திருந்ததா, கோடித்துணி எங்கிருந்து எடுத்தார்கள், மீட்க வந்தவர்களுக்குச் சோறு ஆக்க அரிசி கொடுத்தது யார்? அந்த வாரத்து நாள்வழி எதுவும் எங்கேனும் மிஞ்சியிருந்தால் அதில் பதில் இருக்கும். பிற்காலத்தில் 2016 நவம்பர் மாதத்து நம் ரொக்கக் கணக்கை எடுத்துப் பார்ப்பவர்களுக்கும் விளக்கம் எதுவும் தேவைப்படாது!

இத்தனையும் இருக்க, நடப்பது என்ன? ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருந்தால் போதும். ஆடிட்டரும் அதையேதான் சொல்வார். 2017க்குப் பின் பெரும்பாலான கடைகளில் கணக்கு கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. அப்பா காலத்துப் பேரேடு யாருக்கும் தேவைப்படவில்லை. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போய்விட, கடையை இன்னொருவருக்கு விடும்போது முதலில் வெளியே போவது பரண் மூட்டைதான். முன்பெல்லாம் அது பொட்டலம் கட்டப் போகும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது நம்மில் பலர் மறுபடி காகிதத்தைத் தேடினோம். அப்போதும் சில பழைய ஏடுகள் மிளகாய்க்கும் மல்லிக்கும் உறையாகப் போயிருக்கும் என்று அஞ்சுகிறோம்.

இது புதிய வழக்கமும் அல்ல. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் பெரிய மதிற்சுவர் இன்று ஏன் முழுதாக இல்லை? 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அதன் கருங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊரார் தடுத்தும் கேட்கவில்லை என்றும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னது நடக்கவில்லை என்றும் அந்நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. அணையைக் குறை சொல்லவில்லை. அதன் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் நம் அரிசிக் கடைகள் விற்கின்றன. ஆனால் சோழர் மதிலில் எத்தனை கல்வெட்டு இருந்தது என்று இனி எவரும் எண்ண முடியாது. அன்று கல்லுக்கு ஒரு விலை இருந்தது, இன்று காகிதத்துக்கு ஒரு விலை இருக்கிறது.

வணிகரின் காகிதம் எவ்வளவு பெறும் என்பதற்குப் புதுச்சேரியைப் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அந்தக் காலத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தொடாமல் எழுத முடியாது. 1751இல் நம் ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியது அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான். இத்தாலியில் பிராட்டோ என்ற ஊரில் தாத்தினி என்றொரு வியாபாரி இருந்தார். துணி, கம்பளி, மசாலா, உப்பு என்று கிடைத்ததை விற்றவர். அரசர் அல்லர், அறிஞரும் அல்லர். 1410இல் இறக்கும்போது கடிதங்களை எறிய வேண்டாம் என்ற எண்ணத்தோடு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கடிதங்களும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கணக்கேடுகளும் 1870இல் அவர் வீட்டு மாடிப்படி அடியில் கிடைத்தன. அந்த நூற்றாண்டு ஐரோப்பிய வணிகத்தைப் படிக்க இன்று உலகமே அந்த ஊருக்குப் போகிறது. நம் நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். பழைய புத்தகமும் காகிதமும் வாங்கி வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவாயிற்று.

பணத்துக்கு எங்கே போவது என்று உடனே ஒரு கேள்வி எழும். கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், கட்சி மாநாட்டு மலர், வணிகர் தின மலர் என்று ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களை நாம் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! முழுப்பக்கம் இவ்வளவு, அரைப்பக்கம் இவ்வளவு. கொடுக்கிறோம், கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. மலரைத் திறந்தால் அதே தலபுராணம், அதே வாழ்த்துச் செய்தி, பிறகு நம் விளம்பரங்கள். நாமே நம் விளம்பரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம். விளம்பரம் கேட்டு வருகிறவரிடம், 'உள்ளே ஊரைப் பற்றிப் புதிதாகப் பத்துப் பக்கம் இருந்தால் தருகிறோம்' என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. சரக்கைப் பார்க்காமல் பணம் கொடுப்பது வேறு எந்தக் கொள்முதலிலும் நம் வழக்கமல்லவே.

இன்னொரு தயக்கம் உண்மையானது. மூத்த வியாபாரிகள் தனியே சொல்வது. பேரேட்டில் எல்லார் வீட்டுக் குடியும் இருக்கிறது. எந்தப் பெரிய வீட்டில் எத்தனை ஆண்டு பாக்கி நின்றது, யார் தாலியை வைத்து அரிசி வாங்கினார், யாருக்கு எந்தச் சாதிப் பெயரால் பற்று எழுதப்பட்டது, இவையெல்லாம் அதில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் இன்று அதே தெருவில் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் மானத்தைக் காப்பது வியாபார தர்மம் என்று சொல்பவர்களிடம் நாம் வாதாடப் போவதில்லை. அவர்கள் சொல்வது சரி. ஆகவே ஐம்பது ஆண்டுக்கு உட்பட்ட எதையும் வெளியே தர வேண்டாம். அதற்கு முந்தையதிலும் ஆள் பெயரை மறைத்து, ஊர், சரக்கு, அளவு, விலை, தேதி ஆகியவற்றை மட்டும் எழுதுபவர்களுக்குக் கொடுக்கலாம். அவர்களுக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் அவ்வளவுதான். வரிக்கணக்கு வெளியே வந்துவிடுமோ என்ற பயம் உள்ளவர்களும் அந்த ஐம்பது ஆண்டு வரம்பைக் கேட்டால் நிம்மதி அடைவார்கள் என்று நம்புகிறோம்!

ஏடுகள் மட்டும் போதாது. முதலில் வந்து கடை போட்டவர்களின் பிள்ளைகள் சிலர் இன்னும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் கைதூக்கிவிட, எவ்வளவு முதலோடு வந்தார்கள், முதல் கடைக்கு வாடகை என்ன, ஊரார் சேர்த்துக்கொண்டார்களா, பெண் எடுத்தது எங்கே, கொடுத்தது எங்கே என்று கேட்டு, செல்போனில் பதிவு செய்துகொள்ள அரை மணி நேரம் போதும். நன்றாக இருந்ததை மட்டும் கேட்க வேண்டாம். தீப்பிடித்த கடையும், நொடித்துப்போன பங்குக் கூட்டும், வெளியூர்க்காரன் என்று ஒதுக்கப்பட்ட நாட்களும் அதில் வரட்டும். அவற்றை விட்டுவிட்டால் அதுவும் இன்னொரு யாகத்தீக் கதையாகத்தான் முடியும். பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரிகளில் வரலாறும் வணிகவியலும் படிக்கும் மாணவர்களுக்கு இதை ஆய்வேட்டுப் பொருளாகக் கொடுக்கலாம் என்று பேராசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

உடனே செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறோம். ஆயுத பூஜைக்குக் கடை ஒழிக்கும்போது பரண் மூட்டையை எடைக்காரரிடம் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்க்கவும். 1970க்கு முந்தைய நாள்வழி, பேரேடு, மண்டிப் பட்டியல், வாடகைச் சீட்டு, தந்தி, கடை திறப்பு அழைப்பிதழ், காலண்டர், போட்டோ எதுவாக இருந்தாலும் தனியே கட்டி வைக்கவும். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. ஈரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அரசு அமைப்புகள் பழைய நூல்களையும் ஆவணங்களையும் மின்படிவமாக்கி வருகின்றன. மாவட்ட மைய நூலகமும் இருக்கிறது. எங்கே கொடுப்பது என்பதைப் பிறகு கூடிப் பேசலாம். எடைக்காரர் கிலோவுக்கு என்ன தருகிறாரோ, அதைச் சங்க நிதியிலிருந்தே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது நம் யோசனை. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்க இருக்கிறோம். உறுப்பினர்கள் தங்களிடம் எத்தனை மூட்டை இருக்கிறது என்ற கணக்கோடு வந்தால் பேச வசதியாக இருக்கும்.